தராசின் முள்ளை யார் பார்ப்பது?

தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் பையை இறக்கி வைத்ததும் பறித்த பெண்ணின் கண் நேரே தராசின் முள்ளுக்குப் போகும். மழைநாளென்றால் ஈரத்துக்குக் கழிவு. பைக்குக் கழிவு. முற்றல் இலை கலந்திருந்தால் அதற்கும் கழிவு. அவள் பார்த்த எண் ஒன்று, செக்ரோல் பதிவேட்டில் ஏறுகிற எண் வேறொன்று. அன்றைய நிறை போதவில்லையென்றால் முழுப்பேர் கிடையாது, அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலி. ஊவா மாகாணத்தின் பசறையிலோ மடுல்சீமையிலோ அப்புத்தளையிலோ சம்பளத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், சற்று நேரத்தில் அது இந்தத் தராசடிக்கு வந்துவிடும். கூலி குறைவு என்ற வருத்தம் ஒரு பக்கம். அளந்தது சரியா என்று கேட்க வழியில்லையே என்ற வருத்தம் அதைவிட ஆழமானது.

இந்தப் பழைய காட்சியை இப்போது எடுத்துப் பேச ஒரு காரணம் இருக்கிறது. உலகெங்கும் ஒரு புதுவகைப் பணம் ஏழை நாடுகளைத் தேடி வருகிறது. அது தானமும் அல்ல, வெறும் வட்டிக் கடனும் அல்ல. முதலும் திரும்ப வேண்டும், சமூகத்துக்கும் சூழலுக்கும் நன்மை விளைய வேண்டும் என்ற நிபந்தனையோடு வருகிற முதலீடு. 2007இல் இத்தாலியின் பெல்லாஜியோ நகரில் ரொக்பெல்லர் அறக்கட்டளை கூட்டிய சந்திப்பில் அதற்கு ஒரு பெயரும் சூட்டப்பட்டது. இலங்கை மத்திய வங்கி 2019இல் நிலைபேறான நிதிக்கான வழிகாட்டித் திட்டத்தையும், 2022இல் எந்தத் தொழிலைப் 'பசுமை' என்று ஏற்கலாம் என்ற வகைப்படுத்தலையும் வெளியிட்டது. சமூகத் தொழில் முனைவோர் முதலீட்டாளர்களின் முன்னால் நின்று பணம் கேட்கிற 'அத் பவுர' தொலைக்காட்சி நிகழ்ச்சியும் நாட்டில் நடந்தது. பால்மாடு, தேன், கைத்தேயிலை, மரக்கறி, சுற்றுலா விடுதி என்று ஊவாவின் தோட்டத்து இளைஞர்கள் மனதில் வைத்திருக்கிற எத்தனையோ தொழில்களுக்கு இந்த வழியில் முதல் கிடைக்கலாம்.

பணத்தோடு ஒரு நிபந்தனையும் வரும்: 'என்ன நன்மை நடந்தது என்று அளந்து காட்டு.' நியாயமான நிபந்தனைதான். ஆனால் எதை அளப்பது, யார் அளப்பது, அளந்த எண்ணை யாருக்குச் சொல்வது என்பதெல்லாம் கொழும்பிலும் அதற்கு அப்பாலும் முடிவாகிவிட்டால், மடுவத்துத் தராசு புதிய வடிவில் நம் தலைமேல் வந்து நிற்கும். பணம் வந்து சேருவதற்கு முன்னரே அளவுகோலைப் பற்றி நாமெல்லோரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வேண்டுகோள்.

எண்களை வெறுக்கச் சொல்லவில்லை. நம் நிலையை நாட்டுக்கு உணர்த்தியதே எண்கள்தான். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டளவில் 17 சதவீதம் என்றது. தோட்டத்துறையில் அது ஏறத்தாழ 32 சதவீதம். 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி நாட்டின் வறுமை 14.3 சதவீதம், தோட்டங்களில் 33.8 சதவீதம். தோட்டத்துறை என்று தனியே பிரித்து எண்ணியதால்தான் இந்த இடைவெளி வெளியில் தெரிந்தது. பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மலையகத் தமிழர். நாடளாவிய சராசரிக்குள் அவர்கள் கரைந்து போகாமல் காத்தது அந்தப் பிரிப்பு.

அதே சமயம் கேள்வியை மாற்றிக் கேட்டால் விடையும் மாறிவிடும். 2023இல் தொடங்கிய அஸ்வெசும நலத்திட்டம் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களுக்குப் புள்ளியிட்டது. சுவர் எதனால் கட்டப்பட்டது, கூரை என்ன, மின்சாரம் உண்டா என்பவை போன்ற கேள்விகளைத் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்துக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். கருங்கல் சுவர் இருக்கிறது. தகரக் கூரை இருக்கிறது. மின்குமிழும் எரிகிறது. நூறு வருடப் பழைய ஒற்றைக் காம்பராவுக்குள் மூன்று தலைமுறை படுத்துறங்குவதும், அந்தச் சுவரில் ஓர் ஆணியடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டியிருப்பதும் அத்தகைய கேள்விகளில் அகப்படுவதில்லை. கேள்வி எழுதியவரிடம் கெட்ட எண்ணம் இருக்கவேண்டிய அவசியமில்லை. அவர் லயத்தில் ஓர் இரவாவது தங்கியிருந்தால் கேள்வி வேறாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

சம்பளக் கதையும் இதுவே. 2015 முதல் ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காகப் போராடினோம். 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் மூலம் அது கிடைத்தது. கிடைத்த கையோடு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோ கூடியது, வேலை நாட்கள் குறைந்தன. 2024இல் 1,350 ரூபா. அடுத்து, கம்பனி 1,550 ரூபாவும் அரசு வரவுக்கான ஊக்கமாக 200 ரூபாவும் சேர்த்து 1,750 ரூபா என்று 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் சொன்னது. ஒவ்வொரு தடவையும் பத்திரிகைத் தலைப்பில் நாட்சம்பளம் என்ற ஓர் எண்தான் வந்தது. மாதம் எத்தனை நாள் பேர் விழுந்தது, எத்தனை அரைப்பேர், கையில் வந்தது எவ்வளவு என்ற எண்ணை யாரும் தோட்டந்தோட்டமாகச் சேர்த்து வெளியிடவில்லை. தொழிற்சங்கங்களும் செய்யவில்லை. நாங்கள் எழுதுகிறவர்களும் செய்யவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டிய குறை இது.

எல்லாவற்றிலும் கொடிய பாடத்தைப் புகட்டியது நுண்நிதிக் கடன். பங்களாதேஷில் 1983இல் கிராமின் வங்கி உருவானபோது அது ஏழைப் பெண்களின் விடுதலையாகப் பேசப்பட்டது. 2006இல் அதை நிறுவிய முகம்மது யூனுஸுக்கும் அந்த வங்கிக்கும் நோபல் பரிசு வந்தது. பின்னர் இலாபம் தேடும் நிறுவனங்கள் அந்த வழியில் நுழைந்தன. 2010இல் ஆந்திரத்தில் கடன் நெருக்கடி வெடித்து, மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. இலங்கையில் 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது, 2018இல் மத்திய வங்கி வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு விதித்தது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன்னர் வாங்கிய வட்டி எவ்வளவு என்பதை வாசகர் ஊகிக்கலாம். 2021இல் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

கடன் கொடுத்த நிறுவனங்கள் தங்கள் வெற்றிக்கு ஓர் அளவுகோல் வைத்திருந்தன: திருப்பிச் செலுத்தும் வீதம். அது எப்போதும் மிக உயரத்தில் இருந்தது. ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணையாக நிற்கும் குழுவில் ஒருத்தி தவணை தவறினால் மற்ற நால்வரும் அவள் வாசலில் நிற்க வேண்டும். அந்த அவமானத்துக்கு அஞ்சி அவள் இன்னொரு கம்பனியில் கடன் வாங்கி இதைக் கட்டுவாள், தோட்டை அடகு வைப்பாள், பிள்ளையின் சத்துணவைக் குறைப்பாள். தவணை குறித்த நாளில் வந்து சேரும், வீதம் உயரும், அறிக்கை மெருகேறும். உள்ளே ஒரு குடும்பம் உடைந்துகொண்டிருக்கும். 'இந்த வீட்டுக்கு மொத்தம் எத்தனை இடத்தில் கடன்?' என்ற ஒரேயொரு கேள்வி அந்தப் படிவங்களில் முதலிடத்தில் இருந்திருந்தால் எத்தனையோ பெண்கள் காப்பாற்றப்பட்டிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

வேறு மாதிரியும் அளக்கலாம் என்பதற்குத் தூரம் போகவேண்டியதில்லை. எல்லவுக்கும் பண்டாரவளைக்கும் இடைப்பட்ட மலைப்பகுதியில், அம்பதண்டேகமவில், அம்பா என்றொரு சிறு தோட்டம் இருக்கிறது. 2006இல் நான்கு நண்பர்கள் சேர்ந்து தொடங்கியது. இயற்கை முறையில் பயிரிட்டு, கையால் உருட்டிய தேயிலை செய்து, ஜேமும் மசாலாவும் விற்று, விருந்தினரையும் தங்கவைத்து நடத்துகிறார்கள். அங்கே விற்பனை வருமானத்தில் 10 சதவீதம் வேலை செய்வோருக்குப் பகிரப்படுகிறது. கவனியுங்கள், இலாபத்தில் பத்து அல்ல, வருமானத்தில் பத்து. இலாபம் என்பது கணக்கெழுதுகிறவர் கையில் இருப்பது. நிர்வாகக் கட்டணம், தேய்மானம், கடன் வட்டி என்று கழித்துக்கொண்டே போனால் கடைசியில் பகிர ஒன்றும் மிஞ்சாது. எத்தனை கிலோ விற்றது, என்ன விலைக்கு விற்றது என்பதை உருட்டுகிற பெண்ணே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். சிறிய தோட்டம்தான். பெரிய கம்பனிகளுக்கு அப்படியே பொருந்தாது என்பார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் எதை அளப்பது என்ற தெரிவிலேயே நியாயத்தின் பாதி அடங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

கடல் கடந்து கேரளத்து மூணாறுக்கு வாருங்கள். அங்கேயும் தேயிலை, அங்கேயும் கொழுந்தெடுப்பது பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 2005இல் டாட்டா நிறுவனம் தோட்ட நிர்வாகத்திலிருந்து விலகியபோது கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பனி உருவாகி, தொழிலாளரே அதில் பங்குதாரர்கள் ஆனார்கள். தொழிலாளர் பங்குடைமைக்கு முன்மாதிரி என்று அது புகழ்பெற்றது. 2015 செப்டெம்பரில் போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தபோது அதே பங்குதாரப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தார்கள். 'பெண்பிள்ளை ஒருமை' என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி நிறுத்தி, ஒன்பது நாட்களில் 20 சதவீதத்தை வென்றார்கள். பங்குப் பத்திரம் அவர்கள் வீடுகளில் இருந்தது. கணக்கைப் பார்த்துப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கிற இடம் அவர்களுக்கு இருக்கவில்லை. உடைமையை ஒரு தாளாகக் கொடுத்துவிட்டு முன்மாதிரி என்று எழுதிவிட முடியாது என்பதை அந்த ஒன்பது நாட்கள் காட்டின.

நமக்கும் இப்போது தாள்கள் வருகின்றன. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில், இந்திய வீடமைப்புத் திட்டத்தின் அடுத்த கட்டத்துக்காக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வீட்டுரிமை ஆவணங்கள் வழங்கப்பட்டன. காணியோடு தனிவீடு. மகிழ்ச்சியான செய்திதான், இதற்காக எத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள். எத்தனை ஆவணம் கொடுத்தோம் என்பது ஒரு எண். அந்த வீட்டுக்குக் குடிநீர் வந்ததா, பாதை வந்ததா, அந்தக் காணியை வைத்துப் பதுளை வங்கியொன்றில் அந்த வீட்டுப் பெண் தொழிற்கடன் பெற முடிந்ததா என்பவை அடுத்த எண்கள். ஆவணம் வழங்கிய விழாவுக்கு வந்த அத்தனை பேரும் மூன்று வருடம் கழித்து அதே மைதானத்தில் கூடி இந்த இரண்டாவது கணக்கையும் வாசிக்க வேண்டும்.

பணத்தையும் அளவையும் ஒன்றோடொன்று கட்டுவது கூடாத காரியமல்ல. ராஜஸ்தானில் 2015 முதல் மூன்று வருடம் 'எஜுகேட் கேர்ள்ஸ்' அமைப்பு அப்படியொன்றைச் செய்தது. ஒரு முதலீட்டாளர் முன்பணம் போட்டார். சுயாதீனமான மதிப்பீட்டாளர் பிள்ளைகளின் கற்றலைச் சோதித்தார். முன்னேற்றம் உறுதியான பிறகே இன்னொரு அறக்கட்டளை முதலீட்டாளருக்கு வட்டியோடு பணம் கொடுத்தது. கற்றல் இலக்கின் 160 சதவீதம் எட்டப்பட்டது. குறையும் இருந்தது: சிறிய தொகைக்குப் பெரிய சட்டச் செலவும் அளவீட்டுச் செலவும். நம் நாடே 2024 டிசம்பரில் வெளிநாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது ஒரு பகுதிப் பிணைமுறியில் இத்தகைய நிபந்தனையை எழுதியிருக்கிறது. அரச வருமான இலக்கும் வெளிப்படைத்தன்மை இலக்கும் நிறைவேறினால் வட்டி குறையும். உலகச் சந்தையின் பெரும் கடன்காரர்களோடு இப்படிப் பேச முடிந்த நாட்டில், லுணுகலைப் பால்மாட்டுக் குழுவோடு ஒரு வங்கி ஏன் பேசக்கூடாது? மாடு கன்று போட்டு, பால் பணம் ஆறு மாதம் ஒழுங்காக வந்து, குழுவின் வெளிக்கடன் குறைந்திருந்தால் வட்டி இரண்டு சதவீதம் இறங்கும் என்று ஓர் ஒப்பந்தம். எழுதுவதற்கு ஒரு பக்கம் போதும்.

யாருக்கு என்ன பொறுப்பு என்று கேட்டால், முதலில் கம்பனிகளிடம் கேட்பேன். தேயிலையோடு வாழ்கிறவர்களின் மாத வருமானக் கணக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பெயரில்லாமல், தோட்டவாரியாகச் சராசரியை, காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்துச் சுவரில் ஒட்டுவதற்குப் புதிய செலவு ஏதும் இல்லை. ஊவாவின் கச்சான் காற்றில் விளைகிற ஜூலை முதல் செப்டெம்பர் வரையான தேயிலைக்கு உலகம் தனி விலை கொடுக்கிறது. அந்தக் காற்றில் உதடு வெடிக்க நின்று பறித்தவளுக்குப் பருவ விலையில் எவ்வளவு சேர்ந்தது என்று சொல்கிற கம்பனி, வாங்குகிறவரிடமும் தலைநிமிர்ந்து நின்று விலை கேட்கலாம்.

நியாய வணிகச் சான்றிதழ் பெற்ற தோட்டங்களில் கிலோவுக்கு இவ்வளவென்று வருகிற சமூக ஊக்கத்தொகையைத் தொழிலாளர் தெரிவுசெய்த குழு செலவிட வேண்டும் என்பது விதி. அந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்குக் கணக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதைத் தொழிற்சங்கங்கள் ஏற்க வேண்டும். மேடைக்குக் கூட்டம் சேர்க்கிற ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். பிரதேச சபைகளுக்கும் இனிச் சாக்கில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துக்குச் செலவிட முடியாது என்றார்கள். 2018இல் அது திருத்தப்பட்டுவிட்டது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது, தேயிலைத் தொழில்நுட்பத்தையே பாடமாகப் படிக்கிறார்கள். வெளியிலிருந்து விலையுயர்ந்த மதிப்பீட்டாளரை அழைப்பதற்குப் பதிலாக, அந்த மாணவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பத்துத் தோட்டங்களுக்குப் போய்க் கணக்கைச் சரிபார்த்தால் ராஜஸ்தானில் கண்ட செலவுக் குறை நமக்கு வராது.

அளக்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். காலையிலிருந்து மாலை வரை மலையில் நின்றுவிட்டு வருகிற பெண்ணிடம் நாற்பது பக்கப் படிவத்தை நீட்டாதீர்கள். அவள் நேரமும் முதலீடுதான். தோட்டத்து மருத்துவ மாதுவின் புத்தகத்தில் பிள்ளைகளின் நிறை இருக்கிறது. பாடசாலை இடாப்பில் சாதாரண தரத்துக்குப் பிறகு எத்தனை பெண்பிள்ளைகள் நின்றுவிட்டார்கள் என்பது இருக்கிறது. இவற்றைத் தனியாள் பெயர் வெளிவராமல் கூட்டி எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தோல்வியையும் எழுத இடம் கொடுங்கள். காளான் செய்கை சரிவரவில்லை என்று சொன்னால் அடுத்த தவணை நின்றுவிடும் என்று பயந்தால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

நம்மிலும் ஒரு பெரும் முதலீட்டாளர் கூட்டம் இருக்கிறது. கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மத்திய கிழக்கிலும் வேலை செய்து தோட்டத்துக்குக் காசு அனுப்புகிற பிள்ளைகள். அவர்கள் பணத்தில்தான் லயங்களில் அடுப்பு எரிகிறது, தம்பி தங்கைகள் படிக்கிறார்கள். கடைக்குச் சீட்டுப் பிடிக்கிற ஒழுங்கும் நாணயமும் நம் மக்களிடம் உண்டு. அந்தச் சீட்டுக் கொப்பியில் ஓடுகிற நம்பிக்கையை ஒரு கூட்டுறவாகப் பதிவுசெய்து, பதுளையில் படித்து உத்தியோகம் பார்க்கிறவர்கள் கணக்காளராக உதவிக்கு நின்றால், வெளிப்பணம் வருகிறபோது கைகட்டி நிற்காமல் பங்காளியாக உட்காரலாம்.

கடைசியாக மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்கருகே மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அளந்தவர்கள் அளந்தார்கள். அந்த எண்ணைக் கேட்டு மக்களை இடம்மாற்றக் காணியும் பணமும் தரவேண்டியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பியவர்களுக்குப் பூனாகலைப் பக்கத்தில் 75 வீடுகள் எழ இரண்டு வருடங்கள் சென்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது பதுளை மாவட்டம் மறுபடியும் மண்ணுக்கடியில் ஆட்களைத் தேடியது.

கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவுக்கு எளிமையான ஓர் அளவு இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இரு. 100 என்றால் வெளியேறத் தயாராகு. 150 என்றால் புறப்படு. ஒரு குடுவையும் ஒரு அளவுகோலும் இருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை இதை வாசிக்கலாம். நிதியும் முதலீடும் பேசுகிற எல்லோருக்கும் நான் காட்ட விரும்பும் அளவு இதுதான்: அங்கே வாழ்கிறவரே வாசிக்கிறார், வாசித்ததும் என்ன செய்வதென்று தெரிகிறது. மீரியபெத்தை இருக்கும் ஹல்துமுல்லைப் பிரதேசத்தின் தோட்டப் பாடசாலைகளில் அடுத்த ஒக்டோபர் மழைக்கு முன்னர் ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானியும் ஒரு கொப்பியும் வைப்போம். குடுவைக்கான செலவைக் கம்பனி ஏற்கட்டும், கொப்பியைச் சரிபார்க்கப் பல்கலைக்கழக மாணவர் வரட்டும், 150ஐத் தொட்ட இரவில் கதவு திறந்து இடம் தரும் மண்டபத்தைப் பிரதேச சபை இப்போதே பெயர்சொல்லிக் குறித்து வைக்கட்டும். அதே கொப்பியின் மறுபக்கத்தில் அந்தத் தோட்டத்தின் வேலைநாள் கணக்கையும் கடன் கணக்கையும் எழுதத் தொடங்கலாம்.